வேலையை ஒப்படைக்கும் முன்: ஒப்பந்ததாரரின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் வீடு கட்டத் தொடங்கும் ஒருவர், சதுர அடிக்கு என்ன விலை, எந்த சிமென்ட், தூணுக்கு எத்தனை எம்.எம். கம்பி என்பதையெல்லாம் ஒப்பந்ததாரரிடம் நாள் கணக்கில் பேசி முடிவு செய்கிறார். இரண்டாம் மாடிச் சாரத்தில் நிற்கப்போகும் கொத்தனார் விழுந்துவிட்டால் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் யார் கொடுப்பது என்ற கேள்வி அந்தப் பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை. யாராவது கேட்டாலும், "லேபர் இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு சார்" என்ற பதிலும், கைப்பேசியில் வந்து சேரும் ஒரு பக்கப் படமும் போதுமானவையாகக் கருதப்படுகின்றன. அவை போதாது. ஒப்பந்ததாரரிடம் ஒரு பாலிசி இருப்பது வேறு. உங்கள் மனையில், உங்கள் வேலையில், இன்று ஏணியில் ஏறியிருக்கும் அந்தக் குறிப்பிட்ட மனிதருக்கு அந்தப் பாலிசி பணம் கொடுக்கும் என்பது வேறு. இந்த வழிகாட்டி இரண்டாவதை உறுதிசெய்துகொள்வதைப் பற்றியது. வீடு கட்டுவோரை முன்னிறுத்தி எழுதப்பட்டிருந்தாலும், குடியிருப்புக்கு வண்ணம் பூச ஆள் தேடும் சங்கத்தினருக்கும், பட்டறைக்குக் கூரை மாற்றும் சிறுதொழில் முனைவோருக்கும் இதே படிகள் பொருந்தும்.

சட்டம் யார் மீது பொறுப்பைச் சுமத்துகிறது?

வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு வேலையளிப்பவரே இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த விதி. அந்தச் சட்டத்தையும் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020, கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு யாருடையது, தொகை எப்படிக் கணக்கிடப்படும் என்ற அடிப்படைகள் பெரும்பாலும் பழையபடியே தொடர்கின்றன. வீட்டிலிருந்து பணியிடத்துக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகள், வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவப்பட்டால் இழப்பீட்டுக்கு உரியவை என்பது புதிய தொகுப்பில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த இழப்பீட்டுக்கு, தொழிலாளி தன் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையளிப்பவர் பாலிசி வைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தும் பொறுப்பு மாறுவதில்லை. மோட்டார் வாகனத்துக்குக் காப்பீடு கட்டாயம் என்பதுபோல ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் பாலிசி வாங்கியே ஆக வேண்டும் என்று 1923 சட்டம் சொல்லவில்லை. பொறுப்பை மட்டும் சுமத்தியது. அதனால்தான் பாலிசி இல்லாத ஒப்பந்ததாரர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு அவர்களிடம் பணம் இல்லையென்றால், தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகமாக வந்தும் பயனில்லாமல் போகிறது.

வேலையை ஒப்படைக்கும் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? தன் தொழிலுக்காகவோ வணிகத்துக்காகவோ ஒரு வேலையை ஒப்பந்ததாரரிடம் கொடுப்பவர், அந்த ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் தன் சொந்த ஆட்களைப்போலவே இழப்பீடு தர வேண்டும், பிறகு அதை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்பது பழைய சட்டத்தின் 12ஆம் பிரிவு. தொழிற்சாலை உரிமையாளரும் அடுக்குமாடி கட்டி விற்பவரும் இதற்குள் எளிதாக வந்துவிடுவார்கள். தான் குடியிருக்க வீடு கட்டுபவர் இப்பிரிவுக்குள் வரமாட்டார் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. நம் ஊர்களில் பெருமளவு வேலை லேபர் காண்ட்ராக்ட் முறையில்தான் நடக்கிறது: பொருளை உரிமையாளர் வாங்கிப் போடுகிறார், மேஸ்திரி ஆட்களைக் கூட்டிவருகிறார், சனிக்கிழமை சம்பளத்தை உரிமையாளர் எண்ணிக் கொடுக்க மேஸ்திரி பிரித்துக் கொடுக்கிறார். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் மேஸ்திரி வெறும் இடையாள், உண்மையான வேலையளிப்பவர் வீட்டுக்காரர்தான் என்று, இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்கும் தொழிலாளர் துறை அதிகாரியான இழப்பீட்டு ஆணையர் முடிவு செய்யக்கூடும். தற்காலிகமாக வைத்துக்கொண்ட ஆள்தானே என்ற வாதமும் இப்போது எடுபடாது; தொழில் நோக்கமின்றித் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர்களை விலக்கிவைத்திருந்த சொற்கள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. ஒரு மாடிக்கு மேற்பட்ட, அல்லது கூரை உச்சி தரையிலிருந்து 12 அடியோ அதற்கு மேலோ இருக்கும் கட்டடத்தைக் கட்டுவது, பழுதுபார்ப்பது, இடிப்பது ஆகிய மூன்றும் அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்தன. சாதாரண ஒரு தளக் கான்கிரீட் வீடே கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அந்த அளவைத் தொட்டுவிடும்.

முதல் படி: யார் யாருக்கு வேலையளிப்பவர் என்று எழுதிப்பாருங்கள்

பாலிசியைக் கேட்பதற்கு முன்பே ஒரு தாளில் உங்கள் வேலையில் இறங்கப்போகும் குழுக்களை எழுதுங்கள். அஸ்திவாரம் தோண்டுபவர்கள், கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட் போடுவதற்குப் பலகையும் முட்டும் அமைக்கும் சென்ட்ரிங் குழு, கொத்தனார்களும் சித்தாட்களும், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் போடுபவர்கள், பெயின்டர்கள், லிஃப்ட் அல்லது கூரைத் தகடு பொருத்த வருபவர்கள் என்று ஒவ்வொரு குழுவுக்கும் எதிரே, அவர்களைக் கூட்டிவருபவர் யார், சம்பளம் கொடுப்பவர் யார் என்று குறிக்க வேண்டும்.

இந்தத் தாள் பெரும்பாலானோரை வியப்பில் ஆழ்த்தும். முழு வேலையையும் ஒரே பொறியாளரிடம் ஒப்படைத்திருப்பதாக நினைத்தவர், சென்ட்ரிங் வேலை உள் ஒப்பந்தமாக வேறொருவருக்குப் போயிருப்பதையும், எலக்ட்ரீஷியனைத் தாமே நேரடியாக அழைத்திருப்பதையும் அப்போதுதான் கவனிப்பார். பொறியாளரின் பாலிசி அவருடைய நேரடி ஆட்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தால், கட்டுமானத்தில் மிக ஆபத்தான வேலையைச் செய்யும் சென்ட்ரிங் குழு முழுவதும் காப்புக்கு வெளியே நிற்கும்.

இரண்டாம் படி: இஎஸ்ஐயா, பாலிசியா?

தொழிலாளிக்குப் பாதுகாப்பு இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று இஎஸ்ஐ, மற்றொன்று பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. பின்னதைத் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பென்சேஷன்) பாலிசி என்றே சொல்கிறார்கள். இஎஸ்ஐயின் கீழ் வரும் விபத்துக்கு ஆணையரிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது என்பதால், ஒவ்வொரு தொழிலாளியும் இவற்றில் எதன் கீழ் வருகிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் இஎஸ்ஐ இருப்பதாகச் சொன்னால், 17 இலக்க நிறுவனக் குறியீட்டு எண்ணையும், கடைசி மூன்று மாதங்களின் கட்டண ரசீதுகளையும், அந்த ரசீதுகளோடு இணைந்த தொழிலாளர் பட்டியலையும் கேளுங்கள். குறியீட்டு எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. 40 பேர் வேலை செய்யும் ஒப்பந்ததாரர் 11 பேருக்கு மட்டும் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம். வேலையளிப்பவரின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம் என்பதால், ரசீதில் உள்ள மொத்தத் தொகையை 4 சதவீதமாக வைத்து, எவ்வளவு ஊதியத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம். அந்த ஊதியம் களத்தில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். உங்களிடம் வரப்போகும் ஒவ்வொருவருடைய 10 இலக்கக் காப்பீட்டு எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இஎஸ்ஐயில் சேர மாத ஊதிய உச்சவரம்பு ரூ. 21,000. நாள் கூலி ரூ. 1,000 வாங்கும் கொத்தனார் மாதம் 26 நாள் வேலை செய்தால் ரூ. 26,000 ஆகிறது. இன்றைய கூலி நிலவரத்தில் சித்தாள் இஎஸ்ஐக்குள் இருக்க, அதே சாரத்தில் நிற்கும் கொத்தனார் அதற்கு வெளியே இருப்பது மிக இயல்பாக நடக்கக்கூடியது. ஆகவே இஎஸ்ஐ உள்ள ஒப்பந்ததாரரிடமும், வரம்புக்கு மேல் வாங்குபவர்களுக்கு டபிள்யூ.சி. பாலிசி இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: காப்பீடு போலத் தோன்றுபவற்றை ஒதுக்குங்கள்

பாலிசி கேட்டால் வேறு பல காகிதங்கள் வந்து சேரும். அவை ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்துக்காக உள்ளவைதான்; ஆனால் வேலையளிப்பவரின் சட்டப் பொறுப்பை அவை ஈடுசெய்வதில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் பெரும்பாலானோர் காட்டுவார்கள். வாரியத்தின் விபத்து உதவித்தொகை குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். அதைப் பெற்றதால் இழப்பீட்டுப் பொறுப்பு தீர்ந்துவிடாது. கட்டட அனுமதியின்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாகக் கட்டியிருக்கிறோமே, அதுதானே இன்சூரன்ஸ் என்று நினைக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த வரி வாரியத்தின் பொது நிதிக்குப் போகிறது. உங்கள் மனைக்கென்று எந்தக் காப்பையும் அது தருவதில்லை.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு தருகிறது. குழுத் தனிநபர் விபத்து பாலிசி அதைவிடக் கூடுதலாகத் தரலாம். இரண்டும் முன்பே நிர்ணயித்த ஒரு தொகையைத் தருபவை. சட்டப்படி வரும் இழப்பீடு அதைவிடப் பல மடங்கு ஆகலாம் என்பதைக் கீழே உள்ள கணக்கு காட்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு மட்டும் உதவும்.

பெரிய ஒப்பந்ததாரர்கள் காட்டும் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசியைப் பார்த்துத்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அதில் காப்புத் தொகை கோடிக்கணக்கில் இருக்கும், மூன்றாம் நபர் பொறுப்பும் இருக்கும். ஆனால் அது கட்டடத்துக்கு நேரும் சேதத்துக்கும் வெளியாட்களுக்கு நேரும் பாதிப்புக்கும் உரியது. வேலையில் ஈடுபட்டிருக்கும் தொழிலாளர்கள் அந்த மூன்றாம் நபர் கணக்கில் வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை.

நான்காம் படி: பாலிசியை வரி வரியாகப் படியுங்கள்

முழு ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். கொட்டேஷன், புரோபோசல் படிவம், ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கடிதம் ஆகியவை பாலிசி ஆகமாட்டா. பிரீமியம் நிறுவனத்துக்கு வந்து சேர்வதற்கு முன் காப்பு தொடங்காது என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. எனவே பிரீமிய ரசீதும் கூடவே இருக்க வேண்டும். காசோலையில் கட்டப்பட்டிருந்தால் அது வங்கியில் ஏற்கப்பட்டதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

முதல் பக்கத்தில் காப்பீடு பெற்றவரின் பெயரைப் பாருங்கள். உங்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் உரிமம், தம்பி பெயரில் நிறுவனம், மனைவி பெயரில் ஜிஎஸ்டி பதிவு என்று நடக்கும் தொழில்களில் இது அடிக்கடி பிசகும். பாலிசியில் இல்லாத பெயரில் வேலை எடுத்தவரின் ஆட்களுக்கு அந்த பாலிசி பதில் சொல்லாது.

அடுத்தது காலம். தொடங்கும் நாளும் முடியும் நாளும் மட்டுமன்றி நேரமும் அதில் இருக்கும். உங்கள் வேலை எட்டு மாதம் ஓடும், பாலிசி மூன்று மாதத்தில் முடியும் என்றால், புதுப்பிக்க வேண்டிய நாளை உங்கள் நாட்காட்டியில் நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும்.

இடம் என்ற பகுதியில்தான் மிகுதியான தகராறுகள் எழுகின்றன. முன்பு எடுத்த வேறொரு வேலைக்காக, அந்த மனையின் முகவரியைக் குறிப்பிட்டு வாங்கிய பாலிசியையே புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் வழக்கம் இருக்கிறது. திருப்பூரில் உள்ள பனியன் கம்பெனிக் கட்டடத்துக்காக எடுத்த பாலிசி அவிநாசியில் உள்ள உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இடம் தமிழ்நாடு முழுவதும் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது உங்கள் மனையின் முகவரி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு நிறுவனம் இணைத்துத் தரும் திருத்தக் குறிப்பு) மூலம் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

வேலையின் விவரிப்பைப் படியுங்கள். உட்புறப் பெயின்டிங் என்று எழுதி வாங்கிய பாலிசியை வைத்துக்கொண்டு நான்காம் மாடி வெளிச்சுவரில் கயிறு கட்டித் தொங்கினால், அந்த விபத்துக்கான கோரிக்கை மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். கட்டடத்தின் உயரம், பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றுக்கு வரம்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இடிப்பு வேலை, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை உங்கள் பணியில் இருந்தால் அவை சொல்லால் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கையும் ஊதியமும் அதற்கு அடுத்து வரும். இந்த பாலிசியின் பிரீமியம் அறிவிக்கப்பட்ட ஊதியத்தின் மீது கணக்கிடப்படுவதால், பிரீமியத்தைக் குறைக்க நினைப்பவர் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவார் அல்லது கூலியைக் குறைத்துக் காட்டுவார். கொத்தனார் 4, உதவியாளர் 6, மாத ஊதியம் ரூ. 8,000 என்று பாலிசியில் இருக்க, களத்தில் 22 பேர் நாள் கூலி ரூ. 1,000க்கு வேலை செய்துகொண்டிருந்தால், விபத்தில் சிக்கியவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தானா, அவருடைய ஊதியம் எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளும் கோரிக்கையை முடக்கிப்போடும்.

கடைசியாக, எந்தப் பொறுப்புகளுக்கு இந்தக் காப்பு என்பது. சில பாலிசிகளில் அட்டவணை ஏ, அட்டவணை பி என்ற பிரிவு இன்னும் இருக்கிறது. இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பையும் சேர்த்துக்கொள்வது ஏ. பி என்பது 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்துக்கும் பொதுச் சட்டப் பொறுப்புக்கும் மட்டுமே உரியது. நமக்குத் தேவையானது ஏ. பாலிசியில் 1923 சட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் வரும் பொறுப்புக்கும் அது பொருந்தும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கித்தரச் சொல்லுங்கள். மருத்துவச் செலவு பெரும்பாலும் தனிக் கட்டணத்தில் சேர்க்கப்படும் ஒன்று. சேர்த்திருந்தாலும் ஒருவருக்கு இவ்வளவு என்ற வரம்பு இருக்கும். முதுகெலும்பு முறிவுக்கு 25,000 ரூபாய் வரம்பு எதற்கும் ஆகாது. உள் ஒப்பந்ததாரர்களின் ஆட்களுக்கான நீட்டிப்பு உண்டா என்பதை முதல் படியில் எழுதிய தாளை எதிரே வைத்துச் சரிபாருங்கள். இழப்பீட்டைத் தாமதித்ததற்கான வட்டியையும் அபராதத்தையும் பாலிசி ஏற்கிறதா என்பதையும் பாருங்கள்; வட்டியை ஒப்பந்தத்தின் மூலம் நிறுவனம் விலக்கிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் படி: தொகை போதுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்

உயிரிழப்புக்கான இழப்பீடு, மாத ஊதியத்தில் 50 சதவீதத்தை, ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தின் அட்டவணை தரும் காரணி என்ற எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. 1923 சட்டத்தின் கீழ் 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபடி, கணக்குக்கு எடுக்கப்படும் ஊதிய உச்சம் ரூ. 15,000. 30 வயதுக்குரிய காரணி 207.98. ஆகவே 30 வயதுத் தொழிலாளி இறந்தால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது ரூ. 15,59,850. 40 வயதுக்குக் காரணி 184.17 என்பதால் ரூ. 13,81,275. முழுமையான நிரந்தர ஊனத்துக்கு 50க்குப் பதில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். 30 வயதில் அது ரூ. 18,71,820. ஊனத்துக்கான தொகை உயிரிழப்புக்கான தொகையைவிடக் கூடுதல் என்பது பலருக்குத் தெரியாது. கட்டைவிரல் போனால் 30 சதவீத ஊனம் என்பது சட்டத்தின் அட்டவணை. அதே 30 வயதுக்காரருக்கு அது ரூ. 5,61,546 ஆகிறது. மர அறுப்பு இயந்திரத்திலும் கம்பி வெட்டும் இயந்திரத்திலும் விரல் போவது அரிதான விபத்தல்ல.

இழப்பீடு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். மருத்துவச் செலவு இவற்றுக்கு மேல் தனி. இந்த எண்களை ஒப்பந்ததாரருக்கு எதிரிலேயே எழுதிக்காட்டுங்கள். பாலிசியில் ஊதியத்தை ரூ. 8,000 என்று காட்டியவர், 30 வயதுக்காரரின் உயிரிழப்பில் ரூ. 8,31,920க்கு மட்டுமே காப்பு வாங்கியிருக்கிறார். மீதி ஏழு லட்சத்துக்கு மேல் அவர் தன் கையிலிருந்து கொடுக்க நேரலாம் என்பதை அவரே பார்க்கட்டும்.

ஆறாம் படி: நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்

பாலிசியின் முதல் பக்கத்தைத் திருத்துவது இன்று எவருக்கும் எளிது. எனவே ஆவணத்தில் அச்சிடப்பட்டுள்ள தொலைபேசி எண்ணையோ ஒப்பந்ததாரர் தரும் ஏஜென்டின் எண்ணையோ அழைக்காமல், காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களே சென்று அங்குள்ள எண்ணை எடுத்து அழையுங்கள். பாலிசி எண்ணைச் சொல்லி, அது நடப்பில் இருக்கிறதா, காப்பீடு பெற்றவர் யார், எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை என்ற நான்கையும் கேளுங்கள். வாடிக்கையாளர் விவரத்தைப் பிறருக்குச் சொல்லத் தயங்கினால், ஒப்பந்ததாரரே நிறுவனத்தின் கிளைக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை உங்களுக்கும் அனுப்பச் சொல்லட்டும். உண்மையான பாலிசி வைத்திருப்பவருக்கு இது பத்து நிமிட வேலை. இதற்கு மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

நிறுவனத்தின் பெயரே அறிமுகமில்லாததாக இருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் இணையதளத்தில் உரிமம் பெற்ற பொதுக்காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். போலி என்று ஐயம் எழுந்தால் ஆணையத்தின் 155255 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஏழாம் படி: மேஸ்திரியிடம் பாலிசி இல்லையென்றால்

சிறு மேஸ்திரிகளில் பலரிடம் இருக்காது. அதற்காக அவர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் நல்ல வேலைக்காரர்கள் பலர் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள். வீட்டுக்காரரே, தன் பெயரில், தன் மனை முகவரிக்கு, நேரடியாகவும் மேஸ்திரிகள் வழியாகவும் அங்கே வேலை செய்யும் அனைவருக்குமாக ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு நேரில் சென்று, வேலை எத்தனை மாதம், எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை ஆட்கள், உண்மையான கூலி எவ்வளவு, கட்டடத்தின் உயரம் எவ்வளவு என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். உள் ஒப்பந்த ஆட்களுக்கான நீட்டிப்பையும் மருத்துவச் செலவையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தை மேஸ்திரியின் கூலியில் கழிப்பது அவருடைய ஆட்களின் கூலியில் கை வைப்பதாகவே முடியும் என்பதால், அதைக் கட்டுமானச் செலவின் ஒரு பகுதியாகக் கொள்வதே முறை.

எட்டாம் படி: ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

வாய்ப்பேச்சு விபத்து நாளில் நிற்காது. ஒப்பந்தத்தில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: வேலை முடியும் வரை பாலிசியை நடப்பில் வைத்திருப்பது ஒப்பந்ததாரரின் கடமை, புதுப்பித்த ஆவணத்தை முந்தைய பாலிசி முடிவதற்கு ஏழு நாள் முன்பு தர வேண்டும், தராவிட்டால் வேலையை நிறுத்தவும் அடுத்த தவணையைப் பிடித்துவைக்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு, உள் ஒப்பந்தம் கொடுக்கும் முன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும், உரிமையாளர் மீது இழப்பீடு விதிக்கப்பட்டால் ஒப்பந்ததாரர் அதை ஈடுசெய்ய வேண்டும். இவ்வளவும் எழுதினாலும், தொழிலாளியின் உரிமையை இந்த ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது. "விபத்துக்கு யாரும் பொறுப்பல்ல" என்று தொழிலாளர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவைப்பது சட்டப்படி செல்லாது. அதைச் செய்யவும் கூடாது.

ஒன்பதாம் படி: வேலை நடக்கும்போது

முதல் நாள் சரியாக இருந்த பாலிசி மூன்றாம் மாதத்தில் போதாமல் போகலாம். தளம் போடும் நாளில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆட்கள் வருவார்கள். அந்த நாளுக்கு முன்பே எண்ணிக்கையைப் பாலிசியோடு ஒப்பிடுங்கள். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவருடைய முழுப் பெயர், வயது, சொந்த ஊர், தகவல் சொல்ல வேண்டிய குடும்பத்தினரின் எண், அன்றைய கூலி ஆகியவை நாள்தோறும் எழுதப்பட வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கு இந்தப் பதிவேடு இன்னும் முக்கியமானது. செல்லப்பெயரால் மட்டுமே அறியப்பட்ட ஒருவர் விபத்தில் இறந்தால், அவர் இங்கே வேலை செய்தார் என்பதைக்கூட ஊரில் இருக்கும் குடும்பத்தால் நிரூபிக்க முடியாது. கூலியை முடிந்தவரை வங்கிக் கணக்கில் கொடுப்பது ஊதியத்துக்கு மறுக்க முடியாத சான்றாக அமையும்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மருத்துவமனை. பணியிட விபத்து என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தார், வண்டியில் அடிபட்டார் என்று மாற்றிச் சொன்னால் பிற்பாடு இழப்பீட்டுக் கோரிக்கை அந்தப் பதிவாலேயே அடிபட்டுப்போகும். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல் கொடுக்கச் செய்யுங்கள். உயிரிழப்பு என்றால் காவல்துறைக்கும் தகவல் போக வேண்டும். 7 நாட்களுக்குள் ஆணையருக்கு அறிக்கை தர வேண்டும் என்று பழைய சட்டம் வரையறுத்திருந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரிகள் இந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகை பேசி, உடலை அனுப்பிவைத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. உயிரிழப்புக்கான இழப்பீடு ஆணையரிடம் செலுத்தப்பட வேண்டும். மூன்று மாத ஊதியத்தைத் தாண்டாத முன்பணம் தவிர, குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கொள்ளப்படாது. அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்குள் முழு இழப்பீட்டையும் கோரலாம். ஈமச்சடங்குக்கும் பயணத்துக்கும் உதவுவது மனிதத்தன்மை. அதைக் கணக்குத் தீர்ப்பாக எழுதி வாங்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஒப்படைத்த பிறகும் ஒரு கட்டம்

கிரகப்பிரவேசம் முடிந்து, குறைகளைச் சரிசெய்யும் வரை ஒப்பந்ததாரருக்குத் தராமல் வைத்திருக்கும் பிடித்தத் தொகை மட்டும் பாக்கியிருக்கும் மாதங்களில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் மீண்டும் வருவார்கள்: மழைக்குப் பின் ஒழுகும் மொட்டைமாடிக்கு, வெடிப்பு விட்ட வெளிச்சுவருக்கு, மேல்நிலைத் தொட்டியின் குழாய்க்கு. பாலிசி அதற்குள் காலாவதியாகியிருக்கும். சாரம் கட்டாமல் ஒரு ஏணியைச் சார்த்தி ஒரே ஆள் ஏறிச் செய்யும் வேலைகள் இவை. ஆகவே ஒப்பந்தத்தில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டிய காலத்தைக் குறிக்கும்போது, ஒப்படைக்கும் நாளோடு நிறுத்தாமல், பிடித்தத் தொகையைத் திருப்பித்தரும் நாள் வரை என்று எழுதுங்கள். அந்த மாதங்களுக்கான பாலிசி ஆவணம் கைக்கு வந்த பிறகே ஆளை மாடிக்கு ஏற்றுங்கள்.